சேலத்துச் செம்மண்ணில் ஸ்பீட்வே: பாதை போடுவது முதல் சறுக்கப் பழகுவது வரை

ஸ்பீட்வே என்றதும் நம் பக்கத்தில் பலருக்கும் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேதான் நினைவுக்கு வரும். அது தார் போட்ட ஓட்டப்பாதை. இங்கே பேசப்போவது வேறு விளையாட்டு. மண் போட்ட நீள்வட்டப் பாதை, நான்கு பேர், நான்கு சுற்று, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசை. வண்டிக்கு 500 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின், எரிபொருள் மெத்தனால், ஒரே கியர். பிரேக் கிடையாது. எடை குறைந்தது 77 கிலோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, இடது காலை மண்ணில் தேய்த்தபடி வளைவைக் கடப்பார்கள். ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெயிட்லண்டில் 1923 டிசம்பரில் ஒரு கண்காட்சித் திடலில் நடந்த பந்தயத்தைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

அசல் ஸ்பீட்வே வண்டியைச் சேலத்தில் தேடிப் பயனில்லை. ஆனால் அதன் உயிரான சறுக்கலை ஒரு பழைய 100 சிசி வண்டியில், ஒன்றேகால் ஏக்கர் செம்மண்ணில் முறையாகப் பழகலாம். பழக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் வண்டியில்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். மண்ணும் தண்ணீரும் சரியாக இருந்தால் சாதாரண வண்டியே போதும். அவை சரியில்லை என்றால் எந்த வண்டியும் உதவாது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் மண்ணைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் ஒரு விஷயம். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் இதைப் பழகும் இடம் இல்லை. எதிரே பஸ் வரும் என்பது ஒரு காரணம். நுட்பமே தலைகீழ் என்பது இன்னொரு காரணம். தார் ரோட்டு வளைவில் உடம்பை வண்டியோடு, அல்லது வண்டியைவிட அதிகமாக உள்ளே சாய்க்கிறோம். மண்ணில் வண்டியை மட்டும் சாய்த்துவிட்டு உடம்பை நிமிர்த்தி வைக்க வேண்டும். மலையில் பழகிய கை மண்ணுக்கு வந்ததும் முதல் வளைவிலேயே முன்சக்கரத்தை நழுவவிடும்.

இடம்

குச்சிக்கிழங்கு பிடுங்கிய பிறகு சும்மா கிடக்கும் மேட்டுக்காடு நல்ல தேர்வு. அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஓமலூர்ப் பக்கம் இப்படிப்பட்ட சமமான செம்மண் காடுகள் கிடைக்கும். உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்த ஏரி கண்ணுக்கு அழகாக, சமமாக இருக்கும், ஆனால் வேண்டாம். அது அரசு நிலம். அதோடு ஏரி வண்டல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் முன்சக்கரம் சிக்கினால் சறுக்கிக்கொண்டிருக்கும் வண்டி அப்படியே நின்றுவிடும், ஓட்டுபவர் நிற்கமாட்டார்.

பாதையின் வெளி விளிம்பிலிருந்து 5 மீட்டருக்குள் தென்னை, பனை, கிணறு, கல்கால், முள்கம்பி எதுவும் இருக்கக் கூடாது. வளைவின் வெளிப்பக்கம் இன்னும் அதிக இடம் விட்டால் நல்லது. பக்கத்தில் வீடோ கோழிப்பண்ணையோ இருந்தால் வேறு இடம் பாருங்கள். புழுதியும் சத்தமும் ஒரே வாரத்தில் பகையை வளர்த்துவிடும்.

அளவு

சர்வதேசப் பாதைகளின் நீளம் 260 முதல் 425 மீட்டர் வரை இருக்கும். போலந்தின் டோருன் நகரத்து மோட்டோஅரேனா 325 மீட்டர். பழகுவதற்கு அவ்வளவு நீளம் தேவையில்லை, கூடவும் கூடாது. நேர்ப்பாதை நீண்டால் வேகம் ஏறும், கற்றுக்கொள்வது வளைவில்தான். உள்கோடு சுமார் 135 மீட்டர் வரும்படி போடுங்கள்.

முறை எளிது. 30 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம் கொண்ட செவ்வகத்துக்கு நான்கு முளைக்குச்சி அடியுங்கள். மூலைவிட்டம் இரண்டும் 38.4 மீட்டர் வந்தால் மூலைமட்டம் சரி. 24 மீட்டர்ப் பக்கங்களின் நடுவில் பக்கத்துக்கொரு முளை அடித்து, அதில் 12 மீட்டர் கயிறு கட்டி வெளிப்பக்கமாக அரைவட்டம் இழுத்துச் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். உள்கோடு தயார். நேர்ப்பாதைக்கு 8 மீட்டர் அகலம், வளைவுக்கு 10 மீட்டர். வளைவின் வெளிக்கோட்டை 22 மீட்டர்க் கயிற்றால் போடலாம். 8 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு மாறும் இடத்தை முனையில்லாமல் நீட்டி இணையுங்கள். ஓடுதளம் மட்டும் ஏறத்தாழ 1,550 சதுர மீட்டர் வரும். சுற்றிலும் 5 மீட்டர் விட்டால் மொத்தம் 84க்கு 54 மீட்டர், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்குள் அடங்கும்.

வளைவில் வெளிப்பக்கம் 30 செ.மீ. உயர்ந்திருக்கட்டும். பத்து மீட்டர் அகலத்துக்கு இந்தச் சாய்வு போதும். இதற்கு மேல் உயர்த்தினால் சாய்வே வண்டியைத் திருப்பிவிடும், சறுக்கக் கற்றுக்கொள்ள மாட்டீர்கள். வளைவை உயர்த்தத் தேவையான மண்ணை ஜேசிபி ஓட்டுநர் வழக்கமாக நடுத்திடலில் இருந்து வழிப்பார். அப்படிச் செய்தால் நடுத்திடல் தாழ்ந்து, ஐப்பசி மழைக்குக் குளமாகிவிடும். அங்கே தேங்கும் நீர் பாதையின் அடிமண்ணில் ஊறி உள்விளிம்பைச் சேறாக்கும். ஆகவே மண்ணை வெளியிலிருந்து எடுங்கள், அல்லது நேர்ப்பாதைக்கு அடியில் அரை மீட்டர் ஆழத்தில் 110 மி.மீ. பிவிசி குழாய் பதித்து நடுத்திடல் நீருக்கு வழிவிடுங்கள்.

மண்

அடித்தளத்துக்கு இருக்கிற செம்மண்ணே போதும். 15 செ.மீ. ஆழத்துக்கு உழுது, வேரும் கல்லும் பொறுக்கி, ஈரமாக்கி, ரோலர் விட்டு இறுக்குங்கள். ஈரமில்லாமல் ரோலர் ஓட்டினால் மேலே மட்டும் இறுகும், ஒரு மாதத்தில் குழி விழும். நம் பக்கத்துச் செம்மண்ணில் வெங்கச்சங்கல் நிறைய கிடக்கும். இதைப் பொறுக்குவதில் சோம்பல் கூடாது. பின்சக்கரம் மண்ணை வாரி அடிக்கும்போது கோலிக்குண்டு அளவுள்ள வெங்கச்சங்கல்கூடப் பின்னால் வருபவரின் கண்ணாடியை உடைத்துவிடும்.

அடித்தளத்தின் மேல் 3 செ.மீ. தளர்வான மேல்மண். வண்டி சறுக்குவது இதில்தான். சலித்த செம்மண் ஐந்து பங்கு, கிரஷர் தூள் மூன்று பங்கு, செங்கல் பொடி இரண்டு பங்கு என்று தொடங்கலாம். மொத்தம் 46 கன மீட்டர், நம் கணக்கில் 16 யூனிட் (நூறு கன அடி ஒரு யூனிட்). அதில் செம்மண் 8, கிரஷர் தூள் 5, செங்கல் பொடி 3. சேலத்தைச் சுற்றிக் கல் உடைக்கும் கிரஷர்களும் செங்கல் சூளைகளும் உண்டு. சூளையில் உடைந்து ஒதுக்கிய கல்லை அரைத்துக் கேட்டால் கிடைக்கும். எல்லாவற்றையும் சலித்துத்தான் போட வேண்டும். கிரஷர் தூளை அள்ளும்போதும் கலக்கும்போதும் நனைத்துக்கொள்ளுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். கல்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் வெளியேறாது.

ஒவ்வொரு காட்டு மண்ணும் ஒவ்வொரு விதம் என்பதால் கலவையைக் கண்ணாடிப் பாட்டிலில் சோதித்துப் பாருங்கள். கால் பாட்டில் மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்குவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். மறுநாள் தெளிந்த பிறகு மேலே படிந்திருப்பது களி. களி மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் இருந்தால் கலவை பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் நனைந்தவுடன் சோப்புப் போல வழுக்கும், காய்ந்தால் சிமெண்டுத் தரையாகிப் பளபளக்கும், அந்தத் தரையில் டயர் திடீரென்று கவ்வும். குறைந்தால் மண் சேர்ந்தே நிற்காது. இரண்டு சுற்றிலேயே வளைவின் வாயில் பள்ளம் விழும், எங்கும் புழுதி. முதல் கோளாறுக்குக் கிரஷர் தூளைக் கூட்டுங்கள், இரண்டாவதற்குச் செம்மண்ணைக் கூட்டுங்கள்.

புழுதியை அடக்கப் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கிணற்று நீரைக் கெடுக்கும் செயல் அது. பாதையும் திட்டுத் திட்டாக வழுக்கும். செய்யவே கூடாது.

மேல்மண் பிடித்து நிற்காவிட்டால் எவ்வளவு பெரிய பந்தயமும் நடக்காது. 2015இல் வார்சாவின் தேசிய அரங்கில் தற்காலிகமாகப் போட்ட பாதை பெயர்ந்தது, தொடக்கக் கோட்டில் நாடாவைத் தூக்கிவிடும் இயந்திரமும் கோளாறு செய்தது. உலகப் போட்டிச் சுற்று 12 ஹீட்டோடு (நால்வர் ஓடும் ஓர் ஓட்டம்தான் ஹீட்) நிறுத்தப்பட்டது. உலகத் தரப் பணியாளர்களுக்கே அந்தக் கதி. நிரந்தரப் பாதைகளை ரசிகர்கள் உயர்வாகப் பேசுவதற்குக் காரணம் இதுதான். பல ஆண்டுகள் நனைந்து, உருண்டு, இறுகிய அடித்தளத்துக்கு ஈடாக நான்கு நாளில் கொட்டிய மண் வராது. நீங்களும் பாதை போட்ட மறுநாளே ஓட்டாதீர்கள். நான்கு ஐந்து முறை நனைத்துக் காயவிட்டு ரோலர் ஓட்டிய பிறகு ஓட்டுங்கள்.

தண்ணீர்

இதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். ஓட்டுவதற்கு அரை மணி முன்னால் டேங்கர் வந்து கொட்டிவிட்டுப் போகும். அடியில் காய்ந்த கட்டித்தரை, மேலே அரை அங்குலச் சேறு. டயர் சேற்றில் வழுக்கிக் கட்டித்தரையைத் தொட்டதும் கவ்வுகிறது. சறுக்கல் சீராக இருக்காது, வண்டி உதறும். நீர் ஆழமாக இறங்க வேண்டும், அதற்கு நேரம் வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் 5 மி.மீ. கணக்கில் விடுங்கள். 1,550 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7,750 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் டேங்கர் ஒன்றரை. ஒரே தடவையில் கொட்டாமல் இருபது நிமிட இடைவெளியில் மூன்று தடவையாக. கிணறு பக்கத்தில் இருந்தால் மழைத்தூவான் இன்னும் நல்லது, டேங்கர் சக்கரத் தடம் விழாது. காலை ஐந்தரைக்குப் பரம்பு இழுத்து மட்டம் செய்து, 1 மி.மீ. கணக்கில் 1,500 லிட்டரைத் தூறலாகத் தெளியுங்கள். ஆறரைக்கு ஓட்டத் தொடங்கலாம்.

சரியான பதத்தைக் கையால் பார்க்கலாம். மேல்மண்ணை அள்ளிக் கொழுக்கட்டை பிடிப்பது போல அழுத்துங்கள். உருண்டை நிற்க வேண்டும், கை நனையக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது. தட்டையாக அப்பினால் அதிகம், ஒரு மணி நேரம் காயவிடுங்கள்.

உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் ஒரே அளவு தண்ணீர் விடக் கூடாது. சாய்வினால் நீர் உள்ளே இறங்கும், ஆகவே வெளிப்பாதிக்குச் சற்றுக் கூடுதலாக விடுங்கள். தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டர் இடத்தைக் கொஞ்சம் காய்ச்சலாகவே வையுங்கள். அங்கே நான்கு பின்சக்கரங்களும் ஒரே இடத்தைத் தோண்டும்.

ஓட ஓட மேல்மண் வெளிப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகும். உள்பாதை வழித்தெடுத்த மாதிரி வெறுமையாகும், வெளிவிளிம்பில் மண் குவியும். ஸ்பீட்வே பார்க்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் இந்த மண் எங்கே நகர்ந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பிடிப்பு இருக்கும் இடம் அதுதான். போலந்து வீரர் பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக் 2019, 2020, 2022, 2023, 2024, 2025 என்று உலகப் பட்டங்களைக் குவித்ததற்கு இன்ஜின் மட்டும் காரணம் இல்லை. மற்றவர்கள் உள்கோட்டை ஒட்டி நீண்ட நேரம் சுழலும்போது அவர் வேலிக்குப் பக்கத்தில் ஒதுங்கிய ஈரமண்ணைத் தேடிப் போய், அங்கே கிடைக்கும் உந்துதலில் நேர்ப்பாதையில் முந்துவதைப் பார்க்கலாம். கண்ணால் மண்ணைப் படிப்பதில் இன்றைக்கு அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பழகும் பாதையில் நான்கு ஓட்டத்துக்கு ஒருமுறை வெளியில் ஒதுங்கிய மண்ணைப் பரம்பால் உள்ளே இழுத்து விரியுங்கள். டிராக்டர் வேண்டாம். 2 மீட்டர் நீள இரும்பு ஆங்கிளை ஒரு பைக் பின்னால் சங்கிலியில் கட்டி, மேலே ஒரு மணல்மூட்டை வைத்தால் போதும். பள்ளம் விழுந்த இடத்தில் மண்ணை மட்டும் போட்டால் அடுத்த சுற்றில் பறந்துவிடும். பள்ளத்தைக் கொத்திவிட்டு, நனைத்து, மண் போட்டுத் திம்மிசால் இடித்து மூடுங்கள்.

மாசி, பங்குனிக் காலைகள் நல்ல பருவம். சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்கு மேல் ஈரம் நிற்காது, நிறுத்திவிடுங்கள். ஆனி, ஆடிக் காற்று தெளித்த நீரைக் கால் மணியில் குடித்துவிடும். அந்த இரண்டு மாதம் பாதை வேலைக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

வண்டி

ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், சிடி 100 வகைப் பழைய வண்டி போதும். எடை குறைவு, உதிரிபாகம் எந்தச் சந்திலும் கிடைக்கும். நல்ல நிலையில் உள்ள ஆர்எக்ஸ் 100ஐ வெட்டாதீர்கள், அது வேறு ரசிகர்களுக்கு உரியது.

ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, முன் மட்கார்டு, சாரிகார்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். மெயின் ஸ்டாண்டையும் சைடு ஸ்டாண்டையும் மறக்காமல் கழற்ற வேண்டும். இடப்பக்கம் சாயும்போது ஸ்டாண்டு மண்ணில் குத்தினால் பின்சக்கரம் தரையைவிட்டுத் தூக்கிவிடும். இடது ஃபுட்ரெஸ்டும் அப்படித்தான் குத்தும், அதை மேலே மடங்கும் வகையாக மாற்றுங்கள். செயின் இடப்பக்கம் இருக்கிறது, உங்கள் கால் தேயும் பக்கமும் அதுவே. செயின் கார்டைக் கழற்றவே கூடாது.

முன் பிரேக்கை எடுத்துவிடுங்கள். சறுக்கலில் பயந்து அதைத் தொட்டால் அந்த நொடியே விழுவீர்கள். பின் பிரேக் இருக்கட்டும். அசல் ஸ்பீட்வேயில் அதுவும் இல்லை. அங்கே எல்லோரும் ஒரே தரத்தில் ஓட்டுபவர்கள், யாரும் திடீரென்று நிறுத்த முடியாது என்பதே பாதுகாப்பு. புதியவர்கள் சேர்ந்து ஓட்டும் இடத்துக்கு அது பொருந்தாது. இரண்டாம் கியரில் போட்டுவிட்டுக் கியர் லீவரைக் கழற்றிவிடலாம். இந்த வகை வண்டி இரண்டாம் கியரில் மணிக்கு 35 கி.மீ. சுமாரில் போகும், 12 மீட்டர் ஆர வளைவுக்குச் சரியான வேகம். கிளம்பும்போது கிளச்சைக் கொஞ்சம் இழுத்து விட வேண்டியிருக்கும், அதுவும் ஸ்பீட்வே பழக்கம்தான். கிளச் பிளேட் சீக்கிரம் தேயும், ஒரு செட் கையில் இருக்கட்டும்.

டயரில் ஒரு சூட்சுமம். முன்னால் புதிய பட்டன் டயர், காற்று 18 பி.எஸ்.ஐ. பின்னால் பாதி தேய்ந்த சாதாரண ரோட்டு டயர், காற்று 28. பின்டயர் சுலபமாக நழுவ வேண்டும், முன்டயர் நழுவவே கூடாது. பின்னாலும் புதிய பட்டன் டயர் போட்டால் 100 சிசி இன்ஜினால் அதைச் சுழற்ற முடியாது. சறுக்காமல் ஓட்டி, சறுக்கும் வேகத்துக்குப் போய், அங்கே விழுவீர்கள்.

இன்ஜினை நிறுத்தும் கயிறு கட்டாயம். அசல் வண்டிகளில் ஓட்டுபவரின் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கும், விழுந்தால் பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். ட்ரெட்மில்லில் உள்ளதும் இதே ஏற்பாடு. ஏசி வகை சிடிஐ (தீப்பொறியைக் கொடுக்கும் பெட்டி) உள்ள பழைய ஸ்ப்ளெண்டரில் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர் பாடியில் தொட்டால் இன்ஜின் நின்றுவிடும். கயிறு பிடுங்கப்பட்டதும் அந்தத் தொடர்பு ஏற்படும்படி சுவிட்ச் வைக்க வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் காட்டி வண்டிக்கு ஏற்றபடி செய்துகொண்டு, ஒவ்வொரு நாளும் முதல் ஓட்டத்துக்கு முன் இழுத்துப் பாருங்கள். ஹேண்டில்பார் அகலமாக, இழுத்து உட்காராமல் நிமிர்ந்து பிடிக்கும் உயரத்தில் இருக்கட்டும்.

இடது காலுக்கு இரும்புச் செருப்பு. இதை எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒரு மணி நேரத்தில் செய்யலாம். உங்கள் இடது பூட்ஸைக் காகிதத்தில் வைத்து வரைந்து, 3 மி.மீ. இரும்புத் தகட்டில் அந்த அச்சை வெட்டச் சொல்லுங்கள். முன்பகுதியை இரண்டு செ.மீ. மேலே வளைக்க வேண்டும். ஓரம் முழுக்க உருட்டித் தேய்க்க வேண்டும், கூர்மையாக இருந்தால் மண்ணில் கொத்திக் கணுக்காலைத் திருகிவிடும். அடியில், கால்விரல் எலும்பு ஊன்றும் இடத்தில், கடின வெல்டிங் ராடால் நான்கைந்து வரி ஓட்டினால் தேய்மானம் தாங்கும். பூட்ஸின் மேல் தோல்வார் இரண்டு போட்டு இறுக்க வேண்டும். அகன்று ஆடினால் அதையே மிதித்து விழ நேரும். மொத்தம் ஒரு கிலோவுக்குள் இருக்கும்.

தலைக்கு முழுமுகம் மூடும் ஐஎஸ்ஐ ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, முழங்கால், முழங்கை, மார்புக் காப்பு, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ், கையுறை. இதில் எதுவும் இல்லாதவருக்கு வண்டி தராதீர்கள். வளைவின் வெளிப்பக்கம் பேலர் சுற்றிய வைக்கோல் ரோல்களை இரண்டு வரிசையாக வையுங்கள். பெரிய பந்தயங்களில் காற்று நிரப்பிய வேலி இருக்கும், நமக்கு வைக்கோலும் நல்ல மெத்தைதான். வெறும் லாரி டயர் அடுக்கினால் வண்டியைத் திருப்பி உள்ளே வீசும். ஓட்டும் நேரமெல்லாம் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடுவில் நிற்க வேண்டும். 108 வண்டி வருவதற்கான பாதையில் யாரும் வண்டி நிறுத்தக் கூடாது.

ஓட்டுவது

முதல் நாள் பாதையில் இறங்காதீர்கள். நடுத்திடலில் 8 மீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டு, அதில் எதிர்க்கடிகாரத் திசையில் சுற்றுங்கள். வலது முழங்காலால் டேங்கை அழுத்துங்கள், எடை முழுக்க வலது ஃபுட்ரெஸ்டில். வலது முழங்கை உயர்ந்து வெளியே தெரிய வேண்டும். இடது கால் முன்னால் நீண்டு, மண்ணை லேசாக வருடியபடி. காலைப் பின்னால் விட்டால் முழங்கால் திருகும். எடையை அதன் மேல் போட்டாலும் தவறு, அது ஊன்றுகோல் ஆகக் கூடாது. வண்டியை உங்களுக்குக் கீழே தள்ளிச் சாய்த்து, நீங்கள் நிமிர்ந்திருங்கள். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, வட்டத்தின் எதிர்ப்புறம் பார்க்க வேண்டும்.

இப்போது ஆக்சிலேட்டரைச் சற்று முறுக்கினால் பின்சக்கரம் வெளியே நழுவும். நழுவியதும் ஹேண்டிலை வலப்பக்கம் திருப்புங்கள், அதே அளவு ஆக்சிலேட்டரைப் பிடித்திருங்கள். ஒரு முழு வட்டம் இப்படிப் போனால் நுட்பம் பிடிபட்டுவிட்டது. பெரும்பாலோருக்கு மூன்று காலைகள் ஆகும்.

மிகப் பெரிய ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. வண்டி நழுவுவதைக் கண்டு பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடுவார்கள். சுழன்றுகொண்டிருந்த பின்டயர் மெதுவாகி மண்ணைக் கவ்வும். பக்கவாட்டில் போன வண்டி ஒரு நொடியில் நேராக நிமிரும். அந்த உதறலில் ஓட்டுபவர் வலப்பக்கமாக வண்டியைத் தாண்டி வெளியே வீசப்படுவார். தோள்பட்டை எலும்பு முறிவது பெரும்பாலும் இப்படித்தான். மாறாக, அதிகம் முறுக்கிவிட்டால் வண்டி சுழன்று இடப்பக்கம் படுத்துக்கொள்ளும், சிராய்ப்போடு போகும். ஆகவே சந்தேகம் வந்தால் மூடாதீர்கள், பிடித்திருங்கள். விழுவது உறுதி என்றால் கையை விட்டு வண்டியை உள்ளே போகவிடுங்கள்.

பாதையில் இறங்கியதும் வளைவுக்குள் நுழையும் முறை. நேர்ப்பாதையின் வெளிப்பக்கமாக வந்து, வளைவுக்குச் சற்று முன்னால் ஆக்சிலேட்டரை ஒரு கணம் தளர்த்துங்கள். எடை முன்னுக்கு வரும். அந்தக் கணத்தில் இடுப்பால் வண்டியை உள்ளே தள்ளி, உடனே முறுக்குங்கள். இந்த மூன்றும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். தளர்த்துவதற்கும் முறுக்குவதற்கும் இடையே இழுபட்டால் முன்சக்கரம் அகன்று வைக்கோலுக்குப் போகும். வெளியேறும்போது எடையைப் பின்னுக்கு நகர்த்தினால் பின்டயர் தானாகவே பிடித்து வண்டி நிமிரும். ஆக்சிலேட்டரைக் குறைக்காமலே நிமிர்த்துவதுதான் இதில் முதிர்ச்சி.

ஒருவர் நான்கு சுற்றுக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது. முன்கை இறுகிப்போனால் ஆக்சிலேட்டர் கை பேச்சுக் கேட்காது. இருவர் சேர்ந்து ஓட்டுவது ஒரு மாதத்துக்குப் பிறகு. நால்வர், மூன்று மாதத்துக்குப் பிறகு.

வீடியோவில் யாரை எதற்காகப் பார்ப்பது என்பதையும் சொல்ல வேண்டும். கிளம்பும் நுட்பத்துக்கு நியூசிலாந்தின் ஐவன் மேஜர், ஆறு உலகப் பட்டம் வென்றவர். 1968, 1969, 1970 என்று தொடர்ந்து மூன்று. அவர் காலத்தில் உலகப் பட்டம் ஒரே இரவில் முடிவாகும். கிளம்பும் நொடியைத் தவறவிட்டால் ஓர் ஆண்டே போச்சு. அவருடைய தயாரிப்பின் ஒழுங்கு அங்கிருந்து வந்தது. 1995 முதல் பல ஊர்களில் சுற்றுகளாக நடக்கும் கிராண்ட் பிரீ முறை வந்த பிறகு சீரான ஆட்டத்துக்கு மதிப்புக் கூடியது. அமெரிக்காவின் கிரெக் ஹான்காக் 2016இல் தம் 46ஆம் வயதில் பட்டம் வென்றார். முறுக்கி முரண்டாத அவருடைய மென்மையான கையைத்தான் புதியவர்கள் பார்த்துப் பழக வேண்டும். ஆறு பட்டம் வென்ற ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன் 2005 கார்டிஃபில் முதல் வளைவில் வேலியையே உரசிக்கொண்டு சுற்றி எல்லோரையும் தாண்டியது, ரசிகர்கள் இன்றும் பார்த்துச் சலிக்காத காட்சி. ரசிப்பதற்கு மட்டும் அதைப் பாருங்கள், வைக்கோல் ரோலில் முயற்சி செய்து பார்க்காதீர்கள்.

பந்தயமாக நடத்த

நண்பர்களுக்குள் போட்டி வைப்பதென்றால் ஸ்பீட்வே கணக்கு அழகானது. முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1, கடைசிக்குப் பூஜ்யம். 16 பேர் இருந்தால் 20 ஹீட். ஒவ்வொருவரும் ஐந்து முறை ஓடி, மற்ற 15 பேரையும் ஒவ்வொரு முறை சந்திக்கும்படி அட்டவணை போட முடியும். உச்சம் 15 புள்ளி. உள்பக்கத் தொடக்க இடமும் வெளிப்பக்கத் தொடக்க இடமும் சமமில்லை. ஆகவே ஒவ்வொருவருக்கும் நான்கு இடமும் மாறி மாறி வர வேண்டும், இல்லையென்றால் மண்ணே வெற்றியை முடிவு செய்துவிடும். ஹெல்மெட் உறைகளுக்குச் சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் துணி தைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருந்து எண் தெரியாது, நிறம் தெரியும். டிக்கெட் போட்டுப் பார்வையாளர்களைக் கூட்டினால் அது வேறு விஷயம். காவல்துறை அனுமதியும், இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பின் அங்கீகாரமும், மருத்துவ ஏற்பாடும் இல்லாமல் இறங்காதீர்கள்.

தொடக்கத்துக்கு நாடாவுக்குப் பதில் இரண்டு குச்சிக்கு நடுவில் சைக்கிள் டியூப் கீற்றைக் கட்டி, ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி விடுவிக்கலாம். டியூப் சுருங்கி ஓட்டுபவர்கள் பக்கம் பறக்காமல், விடுவிக்கும் முனையை வெளிப்பக்கம் வையுங்கள். கிளம்பும்போது நெஞ்சு டேங்க் மேல் வர வேண்டும், இல்லையென்றால் முன்சக்கரம் தூக்கும். ஒவ்வொரு ஹீட் முடிந்ததும் தொடக்கக் கோட்டுக் குழிகளை ஒருவர் வாரி மூடி மிதித்துவிட வேண்டும்.

ஓட்டம் முடிந்த அன்றே வண்டிகளின் ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஃபோம் என்றால் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, ஆயில் தடவிப் பிழிந்து போடுங்கள். காகித வகை என்றால் மாற்றுங்கள், தட்டிப் போட்டால் செம்மண் நுண்தூள் உள்ளே போய் ஆறு மாதத்தில் பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். இன்ஜின் ஆயிலை ஐந்து ஓட்ட நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். செயினைத் துலக்கி, பின்சக்கர ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் வரும் கம்பி தளர்ந்திருக்கிறது.

பாதையையும் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். மேல்மண்ணை உள்ளே இழுத்து, மட்டம் செய்து, லேசாக நனைத்து, ஒரு வண்டியை நடை வேகத்தில் ஓட்டி மிதித்து மூடுங்கள். தளர்வாகக் கிடந்தால் அடுத்த கோடை மழை மேல்மண்ணை உள்விளிம்புக்கு அடித்துக்கொண்டு போய் அங்கே நீர் வடியும் வாய்க்காலை அடைக்கும். மழைக்காலத்துக்கு முன் அந்த வாய்க்காலையும் குழாய் வாயையும் தூர்வாரி, வளைவின் உள்விளிம்பில் மூன்று நான்கு இடங்களில் மணல்மூட்டை வையுங்கள். தை பிறந்ததும் மூட்டையை எடுத்துவிட்டு, பாட்டில் சோதனையை மறுபடி ஒருமுறை செய்து பாருங்கள். களி கரைந்து போயிருக்கும், இரண்டு மூன்று யூனிட் செம்மண் சேர்க்க வேண்டிவரும்.